‘நான்’ உடையும் இடம்: வாசிப்பும் தன்வரலாறும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



வாசிப்பு மனிதரை மாற்றும் என்று எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். நூலக வாரவிழாவில் சொல்கிறோம், புத்தகத் திருவிழாவில் சொல்கிறோம், பள்ளி ஆண்டு விழாவிலும் சொல்கிறோம். எப்படி மாற்றும் என்பதை மட்டும் விளக்காமல் விட்டுவிடுகிறோம். அலமாரி அலமாரியாகப் படித்தும் கொஞ்சமும் மாறாதவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். படிக்கப் படிக்கத் தலைக்கனம் ஏறியவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆகவே படிப்பின் அளவுக்கும் மாற்றத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வேறு ஏதோ ஒன்று நடக்க வேண்டியிருக்கிறது. அது என்ன என்பதுதான் இன்று என் பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன்னைப் பற்றிக் கட்டிவைத்திருக்கும் பொய்யான ‘நான்’ உடைகிற இடத்தில்தான் வாசிப்பு அவரை மாற்றுகிறது. அந்த உடைவை மறைக்காமல், யாரால் உடைந்தது என்பதையும் சேர்த்து எழுதிவைக்கும்போது மாற்றம் நிலைக்கிறது. தன்வரலாறு எழுதுவது தற்பெருமைக் காரியம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உயர்ந்த தன்வரலாறுகள் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்திருக்கின்றன.

இதற்குத் துணையாக நம் மண்ணின் சிந்தனை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய திருவருட்பயன், ஆணவத்தை இருளோடு வைத்துப் பார்க்கிறது. இருள் மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் இருள் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆணவம் பொருளையும் மறைக்கும், தான் இருப்பதையும் மறைத்துக்கொள்ளும். இதை மாணவப் பருவத்தில் ஒரு தத்துவப் பாடமாகப் படித்துத் தேர்வு எழுதினேன். பின்னாளில் தன்வரலாறுகளைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் இது எவ்வளவு நுட்பமான உளவியல் என்று விளங்கியது. தன்னையே மறைத்துக்கொள்ளும் ஒன்றை நாமாக உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து யாரோ வந்து தட்ட வேண்டும். ஒரு மனிதர் தட்டலாம், ஒரு புத்தகமும் தட்டலாம்.

1. தெரியாது என்று சொல்ல நேர்வது

1880ஆம் ஆண்டு. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த ஆண்டு அது. வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்பைப் பெற்றவர், தியாகராச செட்டியார் வகித்த பதவிக்கு அவராலேயே பரிந்துரைக்கப்பட்டவர். ஓர் இளம் புலவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைய முடியாது.

அந்த ஆண்டு அக்டோபரில் அவர் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். முதலியார் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப். ஆங்கிலக் கல்வி பெற்றவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். சாமிநாதையர் தாம் பாடம் கேட்ட நூல்களை வரிசையாகச் சொல்கிறார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள். சொல்லச் சொல்லப் பட்டியல் நீள்கிறது. முதலியார் முகத்தில் அசைவே இல்லை. கடைசியில் இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்கிறார். சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். சாமிநாதையர் படித்ததில்லை, அந்த நூல்களைக் கண்ணால் பார்த்ததும் இல்லை.

அந்தக் காட்சியை நம் இலக்கிய வரலாறு ஒரு பெருமிதக் கதையாகச் சொல்கிறது. அன்று அவர் சிந்தாமணியைக் கையில் எடுத்தார், சங்கத்தமிழ் பிழைத்தது என்று முடித்துவிடுகிறோம். நடுவில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய தம் வயதே உள்ள ஓர் அதிகாரி, தமிழைத் தொழிலாகக் கொள்ளாதவர், சாமிநாதையர் உயிராக மதித்த படிப்பு முழுவதையும் ஒரு கேள்வியால் தள்ளிவிட்டார். கோபம் வந்திருக்கலாம். ஆங்கிலம் படித்தவருக்குத் தமிழ் என்ன தெரியும் என்று திரும்பிவிட்டிருக்கலாம். தக்க புலவர் கூட்டமும் மடத்து ஆதரவும் அவருக்கு இருந்தன. அவரோ அந்த நூலைப் படித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். முதலியாருக்கே அதைப் பாடம் சொல்லவும் இசைந்தார். பாடம் சொல்ல வேண்டிய ஆசிரியர் தாமே முதலில் மாணவராக வேண்டியிருந்தது.

புத்தகம் கைக்கு வந்தும் பொருள் விளங்கவில்லை. தமிழ் இலக்கணம் முழுவதும் கற்றவருக்குத் தமிழ்க் காப்பியம் ஒன்று புரியாமல் நிற்கிறது. அது சமண நூல் என்பதும், சமணம் தெரியாமல் அதற்குள் நுழைய முடியாது என்பதும் மெல்லத் தெரியவருகிறது. கும்பகோணத்திலேயே சமணர்கள் வசிக்கிறார்கள் என்று அறிந்து அவர்கள் வீட்டுக்குப் போகிறார். போன நேரத்தில் அந்த வீட்டு வாசலில் தோரணமும் கோலமும். என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணியை ஊன்றிப் படித்து முடித்த நாள் அது என்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் படிப்பை நிறுத்திவிட்டு யோசிப்பேன். தாம் அண்மைவரை கண்ணால் பார்த்திராத நூல், தம் ஊரிலேயே, சில தெருக்கள் தள்ளி, விழா எடுத்து வாசிக்கப்படுகிறது. அவர்களுக்கு அது பழைய இலக்கியம் அன்று, பாராயண நூல். வாசித்து முடித்தால் வீட்டுக்குத் தோரணம் கட்டும் நூல். சைவ மடத்தில் வளர்ந்த ஸ்மார்த்தர் ஒருவர் அந்தத் தோரணத்தின் கீழ் நுழைந்து, எனக்குத் தெரியாது, சொல்லித்தாருங்கள் என்று கேட்கிறார். பிறகு பல காலம் அவர்களிடம் ஐயம் கேட்டார். சமணர்கள் அவரைப் பவ்ய ஜீவன் என்று மதித்தார்கள், வீடுபேற்றுக்குத் தகுதி உள்ள உயிர் என்று. வேறு சமயத்தார் தங்கள் சமய மொழியில் ஒருவருக்குத் தரக்கூடிய உயர்ந்த மதிப்பு அது.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதே போன்ற கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. சிந்தாமணிக்கு அவர் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். அவர் சமண நூல்களை முறையாகக் கற்று, மறுபடி உரை எழுதிக் காட்டினாராம். வரலாறாக இதை நிறுவ முடியாது. ஆனால் ஒரு நூலைப் படிப்பதற்குப் படிப்பவர் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் என்ற உணர்வு நம் மரபில் இருந்ததை இது காட்டுகிறது.

சிந்தாமணி 1887இல் அச்சாகிறது. சமண நூலை ஒரு சைவர் பதிப்பிப்பதா என்று எதிர்ப்பும் எழுந்தது. அவர் நிற்கவில்லை. மணிமேகலைக்குப் பௌத்தம் தேவைப்பட்டபோது, ஆங்கில நூல்கள் வழியே பௌத்தம் கற்ற மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1898இல் மணிமேகலையோடு புத்தரின் சரித்திரத்தையும் பௌத்த தருமத்தையும் உரைநடையில் எழுதித் தந்தார். திருநீறு கலையவில்லை, அவர் சமயம் மாறவில்லை. அவருக்குள் மற்றச் சமயங்களுக்கு இடம் உண்டாயிற்று. இதை ஆன்மிக மாற்றம் என்று சொல்லாமல் வேறு எதை அப்படிச் சொல்வது?

2. அறுபது ஆண்டு கழித்து எழுதுவது

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னதால் தெரியும். ‘என் சரித்திரம்’ 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அப்போது அவருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மகாமகோபாத்தியாயர், டாக்டர், தமிழ்த்தாத்தா என்று எல்லாப் பட்டங்களும் வந்து சேர்ந்துவிட்டன. இராமசாமி முதலியார் மறைந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்தச் சந்திப்பை வேறு விதமாக எழுதியிருந்தாலும், மறுக்க ஆள் இல்லை. தம் பட்டியல் ஒவ்வொன்றாக விழுந்ததையும், தமக்கு ஏற்பட்ட கூச்சத்தையும் அவர் விரிவாகவே எழுதினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தம் கதையை எழுதும் முன்பே ஆசிரியரின் கதையை எழுதி முடித்துவிட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம் 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்தது. ‘என் சரித்திரம்’ என்று தலைப்பிட்ட நூலிலும் அவர் பிறப்பதற்கே பல அத்தியாயங்கள் ஆகின்றன. முதலில் உத்தமதானபுரம் என்ற ஊர் வருகிறது. பிறகு முன்னோர்கள், தந்தைக்குச் சங்கீதம் சொல்லித்தந்த கனம் கிருஷ்ணையர், தந்தையின் கதாகாலட்சேபம். பிள்ளை வந்து சேர்ந்ததும் நூல் அவருடையதாகவே ஆகிவிடுகிறது. ஏடு கொடுத்தவர், ஏடு தேடும் வழியில் சோறு போட்டவர், அச்சுக்குக் கையொப்பம் சேர்த்துத் தந்தவர் என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே போகிறார். 122 அத்தியாயங்கள் எழுதியும் கதை 1890களின் இறுதியைத்தான் எட்டியது; 1942 ஏப்ரலில் அவர் காலமானார். மீதி நாற்பது ஆண்டுகள் எழுதப்படவே இல்லை. புகழ் முழுவதும் குவிந்த ஆண்டுகள் அவை. பட்ட கடனைச் சொல்லும் பகுதி முழுதாகக் கிடைத்துவிட்டது. தமிழுக்கு இது ஒரு நல்வினை என்றே எண்ணுகிறேன்.

மாற்றம் நடக்கும்போது அது மாற்றம் என்று தெரிவதில்லை. 1880இல் அவர் முதலியார் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது சங்கடம் மட்டுமே. அந்த நாள் தம் வாழ்வை இரண்டாக வகுத்த நாள் என்பது பின்னால், எழுத உட்கார்ந்தபோது, முன்னும் பின்னும் சேர்த்துப் பார்க்கையில் தெளிவாகியிருக்க வேண்டும். எழுத்து நினைவைப் பாதுகாக்கிறது என்று சொல்வது போதாது. நினைவுக்கு அதன் பொருளைத் தருவதே எழுத்துதான்.

3. எப்போதும் நசுங்கியே கிடந்த ‘நான்’

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். ‘நான்’ உடைய வேண்டும் என்கிறீர்களே, ‘நான்’ என்று சொல்லவே அனுமதி இல்லாதவர்கள் எதை உடைப்பது? தலைக்கனம் ஏற வாய்ப்பே இல்லாதவர்களுக்கு இந்த உபதேசம் எதற்கு?

இந்தக் கேள்விக்கு வங்காளத்தின் ராசசுந்தரி தேவி வழியே பதில் தேட விரும்புகிறேன். 1810ஐ ஒட்டிப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மணம் முடித்து வேறு ஊருக்கு அனுப்பப்பட்டவர். பெரிய குடும்பம், ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள், ஓயாத சமையல். பெண் படித்தால் கைம்பெண் ஆவாள் என்று ஊர் நம்பிய காலம். சைதன்ய பாகவதத்தைத் தானே படிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்குள் எழுந்தது. அந்த நூலிலிருந்து ஓர் ஏட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டார். மூத்த மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்து ஒளித்துவைத்தார். சமையற்கட்டில் முக்காட்டு மறைவில் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஓலையின் எழுத்தையும் ஏட்டின் எழுத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, சிறுவயதில் பாடசாலையில் பையன்கள் ஓதக் காதில் விழுந்த ஒலிகளோடு பொருத்திப் படிக்கக் கற்றார். அடுப்பைப் பார்க்க வேண்டும், குழந்தையைப் பார்க்க வேண்டும், யாராவது வருகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். மிச்சம் இருக்கும் கண்ணால் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

படிக்க வந்த பிறகும் எழுத வரவில்லை. எழுதுவதற்குத் தாள் வேண்டும், மை வேண்டும், பேனா வேண்டும், உட்கார ஓர் இடம் வேண்டும். படிப்பை மறைக்கலாம், எழுத்தை மறைக்க முடியாது. பல ஆண்டுகள் கழித்து, வெளியூரில் இருந்த மகன் தனக்குக் கடிதம் எழுதச் சொன்ன பிறகே எழுத்துப் பழகினார். கணவர் இறந்த சில ஆண்டுகளில், 1876இல், ‘அமார் ஜீவன்’ அச்சில் வந்தது. வங்கமொழியின் முதல் முழுத் தன்வரலாறு என்று போற்றப்படும் நூல் அது. அரண்மனையிலோ கல்லூரியிலோ பிறக்காமல், அடுக்களையில் களவாகப் படித்த ஒரு பெண்ணிடமிருந்து அது பிறந்தது.

அந்த நூலில் இறைவனுக்கு நன்றி நிறைய இருக்கிறது. கூடவே இறைவனிடம் முறையீடும் இருக்கிறது. தாய் மரணப்படுக்கையில் கிடந்தபோது போய்ப் பார்க்க முடியவில்லை. ஆண்பிள்ளையாகப் பிறந்திருந்தால் எங்கிருந்தாலும் பறந்து போயிருப்பேனே என்று ஏங்குகிறார். இந்த ஏக்கத்தை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். எழுத்தில் அதற்கு இடம் கிடைத்தது. நல்ல மருமகள், அடக்கமானவள், வாய் திறக்காதவள் என்று ஊர் அவருக்கு ஒரு ‘நான்’ செய்து கொடுத்திருந்தது. அது அவருடையது அன்று. பக்தி நூல் ஒன்றைத் தானே படிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் அது உடைந்தது.

சைவ சித்தாந்தம் ஆணவத்தைப் பற்றிச் சொல்வதை நாம் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறோம். செருக்கு என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். உயிரின் அறிவையும் ஆற்றலையும் சுருக்கி, அதைச் சிறிதாக உணரவைப்பதும் அதன் வேலைதான். ஊதிப்பெருத்த ‘நான்’, நசுக்கப்பட்ட ‘நான்’ ஆகிய இரண்டும் பொய். முதலாவது உள்ளவர் தெரியாது என்று சொல்லப் பழக வேண்டும். இரண்டாவது சுமத்தப்பட்டவர் எனக்கும் தெரியும் என்று சொல்லப் பழக வேண்டும். மறுப்பை எழுப்பியவருக்கு என் பதில் இதுவே.

4. ஒரே காட்சியை இரண்டாம் முறை படிப்பது

இந்தப் பதில் இன்னும் கூர்மையாக விளங்க, நம் காலத்துக்கு வருகிறேன். எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. துறவற சபையில் சேர்ந்து கன்னியராக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்காக உழைக்க நினைத்துப் போனவர், அங்கேயும் சாதி இருப்பதைக் கண்டு வெளியே வந்தார். கையில் வேலை இல்லை, எதிர்காலம் தெரியவில்லை. அந்த நிலையில், தம் காயத்தை ஆற்றிக்கொள்ளவே எழுதத் தொடங்கினார்.

அந்த நூலில் எல்லோருக்கும் நினைவில் நிற்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சிறுமி பள்ளிவிட்டு வரும் வழியில், தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி, கை படாமல் கொண்டுபோய் நிலக்காரரிடம் கொடுக்கிறார். சிறுமிக்கு அது வேடிக்கை. அடக்க மாட்டாமல் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்று அவர்கள் நினைப்பதால்தான் பெரியவர் அப்படிக் கொண்டுபோனார் என்று விளக்குகிறார். சிரிப்பு போய்விடுகிறது. நன்றாகப் படித்து முன்னேற வேண்டும் என்று பின்னொரு சமயம் அதே அண்ணன் சொல்ல, வெறி பிடித்தாற்போலப் படிக்கிறாள்.

ஒரே காட்சி, இரண்டு வாசிப்பு. இரண்டாம் வாசிப்புக்கு ஒருவர் துணை தேவைப்பட்டது. ‘கருக்கு’ முழுவதும் இந்த இயக்கம் தொடர்கிறது. காலவரிசைப்படி அது நகர்வதில்லை. அதே ஊருக்கும், அதே பள்ளிக்கும், அதே கோயிலுக்கும் மறுபடி மறுபடி வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு அர்த்தம் எடுக்கிறது. வேதாகமத்தையும் அவர் அப்படித்தான் வாசிக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் பயமுறுத்திப் பணியவைக்கும் கடவுள் சொல்லித்தரப்பட்டார். தாமே படித்தபோது ஏழைகளின் பக்கம் நின்று நீதி கேட்கும் இயேசு தெரிந்தார். மடத்தை விட்டு வெளியே வந்ததை நம்பிக்கை இழப்பு என்று எடுத்துக்கொள்பவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்றே சொல்வேன். பயம் போன இடத்தில் நம்பிக்கை பலப்பட்டதை அந்த எழுத்து காட்டுகிறது.

நூல் வெளிவந்தபோது சொந்த ஊரில் சிலருக்குக் கோபம். எங்கள் சங்கதிகளை ஏன் ஊருக்கெல்லாம் சொன்னாய் என்று கேட்டார்கள். காலப்போக்கில் அவர்களே அதைத் தங்கள் புத்தகமாக எடுத்துக்கொண்டார்கள். தன்வரலாறு எழுத நினைக்கும் மாணவர்களுக்கு இது முக்கியம். உங்கள் வாழ்க்கையில் மற்றவர்களும் குடியிருக்கிறார்கள். எழுதும்போது அவர்கள் வீட்டுக் கதவையும் திறக்கிறீர்கள்.

5. எழுதுவதில் உள்ள ஆபத்து

‘சத்திய சோதனை’யின் முன்னுரையில் காந்தி ஒரு நண்பரின் ஐயத்தைப் பதிவு செய்கிறார். தன்வரலாறு எழுதுவது மேல்நாட்டு வழக்கம் ஆயிற்றே, இன்று நீங்கள் கொள்கை என்று எழுதுவதை நாளை கைவிட்டால் அதைப் பின்பற்றியவர்கள் கதி என்ன என்று அந்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. காந்தி அதைத் தள்ளிவிடவில்லை. தாம் எழுதப்போவது சோதனைகளின் கதை என்றும், முடிவானவை என்று அவற்றைக் கொள்ள வேண்டாம் என்றும் எல்லை வகுத்துக்கொண்டு எழுதினார். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில், போலக் என்ற நண்பர் கொடுத்த, ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் நூலைக் கீழே வைக்க முடியாமல் படித்ததையும், அதன்படி வாழ்வது என்று தீர்மானித்து ஃபீனிக்ஸ் குடியிருப்பை ஏற்படுத்தியதையும் அதில் சொல்கிறார். தந்தை இறந்த இரவில் தாம் ஏன் அருகில் இல்லை என்பதையும் அதே நூலில் சொல்கிறார்.

இரண்டையும் சேர்த்துச் சொன்னதுதான் அதன் பலம். மனம் திரும்பிய கதைகளில் பெரும்பாலானவை, முன்பு இருட்டில் இருந்தேன், இப்போது வெளிச்சத்தில் இருக்கிறேன் என்று முடிந்துவிடும். இப்படி எழுதுபவர் பழைய செருக்கை இறக்கிவைத்துவிட்டுப் புதிய செருக்கைத் தூக்கிக்கொள்கிறார். பக்திமான் ஆகிவிட்டேன் என்ற செருக்கு மற்றவற்றைவிடக் கெட்டியானது.

கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகுஸ்தீன் இந்தக் கண்ணியில் சிக்கவில்லை. இன்றைய அல்ஜீரியாவில் 354இல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் சிசரோவின் நூல் ஒன்றைப் படித்து ஞானத்தின் மேல் காதல் கொண்டார். அந்த நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை, அது செய்த வேலை மட்டும் கிடைத்திருக்கிறது. 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் பவுலின் நிருபத்தைத் திறந்து படித்து மனம் மாறினார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து, ஆயரான பிறகு, ‘அறிக்கைகள்’ எழுதத் தொடங்கினார். பதின்மூன்று பகுதிகளில் கடந்தகாலக் கதை ஒன்பதோடு முடிகிறது. பத்தாம் பகுதியில் அவர் இன்றைய தம்மை எடுத்துப் பரிசோதிக்கிறார். நல்ல சாப்பாட்டில் இன்னும் மனம் போகிறதா, பாட்டின் இனிமையில் பொருளை மறக்கிறேனா, பிறர் புகழும்போது மகிழ்கிறேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்கிறார். ஆயர் ஒருவர் தம் மக்கள் படிக்கும் நூலில் இப்படி எழுதுவது சாதாரணத் துணிவு அன்று. அந்த நூல் முழுவதும் கடவுளை நோக்கிய முன்னிலைப் பேச்சு. எல்லாம் அறிந்தவரிடம் பேசும்போது மிகைப்படுத்த முடியாது. எழுதும்போது யாரை எதிரே வைத்துக்கொள்கிறோம் என்பது எழுத்தின் உண்மையைத் தீர்மானித்துவிடுகிறது.

6. ஒருவர் எழுத்து, இன்னொருவர் வாசிப்பு

அகுஸ்தீன் தோட்டத்துக்குப் போகும் முன், அவரைப் பார்க்க வந்த நண்பர் ஒரு செய்தி சொல்லியிருந்தார். எகிப்தியத் துறவி அந்தோனியாரின் வாழ்க்கையை அத்தனாசியார் எழுதியிருந்தார். அரசவை அலுவலர் இருவர் ஒரு குடிசையில் அந்த நூலைத் தற்செயலாகக் கண்டு, படித்து, வேலையை விட்டுத் துறவு பூண்டார்கள் என்பதே அந்தச் செய்தி. அதைக் கேட்டுத்தான் அகுஸ்தீன் கலங்கினார்.

அவர் எழுதிய ‘அறிக்கைகள்’ ஸ்பானிய மொழியில் வெளிவந்த 1554ஐ ஒட்டி, அவிலா நகரத்துத் தெரேசாவின் கைக்கு வந்தது. கன்னியர் மடத்தில் பல ஆண்டுகளாக உள்ளூர வறண்டு கிடந்தவர், அந்தத் தோட்டத்துப் பகுதியைப் படித்து அழுதார். பிறகு பாவமன்னிப்புக் குருக்கள் பணித்ததன் பேரில் தம் வாழ்க்கையை எழுதினார். திருச்சபையின் விசாரணை மன்றம் அந்தக் கையெழுத்துப் படியை வாங்கி வைத்துக்கொண்டது. 1921 கோடையில் ஜெர்மனியில் நண்பர் வீட்டில் தங்கியிருந்த எடித் ஸ்டைன், அலமாரியிலிருந்து தெரேசாவின் தன்வரலாற்றை எடுத்துப் படித்தார். யூதக் குடும்பத்தில் பிறந்த தத்துவ அறிஞர் அவர், ஹுஸ்ஸர்லின் உதவியாளராக இருந்தவர். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1942இல் ஆஷ்விட்ஸில் நாஜிகளால் கொல்லப்பட்டார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீளும் சங்கிலி இது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் எழுதியிருக்கிறார், முன்பின் அறியாத ஒருவர் படித்திருக்கிறார்.

மீண்டும் நம் ஊருக்கு வருகிறேன். சென்னை பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. மாணவர்கள் ஒருமுறையாவது போய் அந்த ஏடுகளைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் இன்னொரு வேலையைச் செய்யுங்கள். இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். உங்கள் சாதனைகளை எழுத வேண்டாம். உங்களுக்கு எழுத்து அறிவித்தவர் யார்? உங்களிடம் முதல் புத்தகத்தைக் கொடுத்தவர் யார்? நீங்கள் பெருமையாகச் சொன்ன ஒன்றைக் கேட்டு, இதனால் என்ன பயன் என்று கேட்டவர் யார்? அவர் பெயரையும் எழுதுங்கள். உங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால், அவர் சொல்லச் சொல்ல அவர் கதையை எழுதிவையுங்கள். அவர் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எழுதி முடித்ததும் அவருக்கே உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே குறுக்கிட்டு, அப்படி இல்லை என்று சொல்கிறாரோ, அந்த இடத்தில் நோட்டை மூடாமல் மறுபடி கேளுங்கள்.